குன்னூரில் யாரோ செய்கிறார்களாம்

உலகில் முதலாமவர்கள் கொஞ்சம் பேர். கடைசியாக வருபவர்களும் கொஞ்சம் பேர்தான். இவர்களுக்கு நடுவே ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பெருங்கூட்டம்தான் நாம் இன்று பார்க்கப்போகும் இனம். பெயர், இரண்டாமவர்.

இவர் புதியதை எதிர்ப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ப்பதற்கும் யாராவது முதலில் கிளம்ப வேண்டுமே! இவர் புதியதை வரவேற்பார். குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றிப் பேச ஒருவரை மலையேற்றிக் கூட்டிவந்து, பொன்னாடை போர்த்தி, கேரட் அல்வா கொடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டி, "அருமைங்க, எதிர்காலமே இதுதானுங்க" என்று கைகுலுக்கி, கார் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, உள்ளே திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வேற யாரு பண்ணியிருக்காங்க?"

மென்பொருள் தொழிலுக்குள் குவாண்டம் ஏன் இன்னும் நுழையவில்லை என்பதற்கு நிபுணர்கள் காரணம் சொல்கிறார்கள். இயந்திரம் நிறையப் பிழை செய்கிறது. உண்மை. செலவு அதிகம். உண்மை. தெரிந்த ஆட்கள் குறைவு. அதுவும் உண்மை. இவற்றையெல்லாம் பொறியாளர்கள் என்றாவது சரிசெய்துவிடுவார்கள். அந்தக் கேள்வியை எந்தப் பொறியாளர் சரிசெய்வது?

இந்த இனத்தைப் பக்கத்தில் இருந்து ஆராய எனக்கு வசதி இருந்தது. என் அப்பா அம்புரோஸ், குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய கம்பெனி நடத்தினார். ஓட்டலில் எதிரில் இருப்பவர் சொல்லும்வரை தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மலைப்பாதையில் பனி இறங்கினால், ஏதாவது ஒரு லாரியின் பின்விளக்கு கிடைக்கும்வரை ஓரமாக நிற்பார். ஒருமுறை அப்படி ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டே போய், யாருடையதோ ஒரு டீ பேக்டரியின் முற்றத்துக்குள் நுழைந்து, லாரிக்காரர் இறங்கிய பிறகே தானும் இறங்கி, டீ குடித்துவிட்டு வந்தார்.

எங்களிடம் ரேச்சல் புரோகிராமர். பறித்த இலை சாக்கிலேயே நேரம் கடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதனால் எந்த வண்டி எந்த எஸ்டேட்டுக்கு எந்த வரிசையில் போவது என்பது எங்களுக்குப் பெரிய கணக்கு. அதைக் குவாண்டம் இயந்திரத்தில் போட்டுப் பார்க்க ரேச்சல் விண்ணப்பித்தாள். ஓர் ஆய்வு மையம் தன் இயந்திரத்தை இலவசமாகத் தரச் சம்மதித்தது. அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. மார்ச் முடிந்தால் வாய்ப்பு போய்விடும்.

"நம்ம கம்ப்யூட்டரே இதைப் போடுமே அம்மிணி?"

"போடும்ங்க சார். இன்னைக்கு அதைவிட வேகமாவே போடும். ஆனா குவாண்டம் வளர்ந்து வந்த பொறகு நாம கத்துக்க ஆரம்பிச்சா, நமக்கு வேலையே இருக்காதுங்க."

"கரெக்ட். நூத்துக்கு நூறு. வேற யாரு பண்ணியிருக்காங்க?"

அப்பா கோவைக்குப் போன் போட்டார். அங்கே தினகரன் அங்கிள், அப்பாவின் பழைய நண்பர். அதே தொழில், அதே இனம்.

"நீங்க எதுக்குங்க அவசரப்படறீங்க அம்புரோசு? உங்க குன்னூர்லயே ஒரு கம்பெனி பண்ணப் போகுதாமா. அவங்க பண்ணட்டும், நாங்க அடுத்தது."

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டியா கண்ணு! நம்ம ஊர்லயே எவனோ துணிஞ்சுட்டான். யாருன்னு விசாரி."

விசாரிக்க என்ன இருக்கிறது? நாங்கள்தான். ரேச்சல் கோவையில் ஒரு கூட்டத்தில் சொன்னது, சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தது. சொன்னேன். அப்பா நன்றாக யோசித்தார்.

"அப்ப நாம என்ன பண்றோம்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

பிப்ரவரியில் இறந்துபோனார். மாரடைப்பு. யாரையும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்து ஒதுங்கினார். ஆளுக்கொரு பிடி மண் போட வேண்டும். அப்பாவின் தொழில் நண்பர்கள் மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் போடவில்லை. அவ்வளவு இரண்டாமவர்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. அங்கே முதல் ஆள், பெட்டிக்குள் இருந்தவர் மட்டும்தான்.

நான் போட்டேன். உடனே தினகரன் அங்கிள் போட்டார்.

மார்ச் கடைசி வாரம் ரேச்சல் அதே தாளைக் கொண்டுவந்தாள். இப்போது அப்பாவின் நாற்காலியில் நான். பேனாவை எடுத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"வேற யாரு..."

"அதை சார் விசாரிச்சு வச்சிட்டுத்தான் போனாருங்க" என்றாள் ரேச்சல். "குன்னூர்ல ஒரு கம்பெனி பண்ணுதாமா."

கையெழுத்துப் போட்டேன்.

வாசகரே, நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தபோது, சாவு வீடாயிற்றே, முதலில் வேறு யாராவது சிரிக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தீர்கள், இல்லையா?

பயப்படாமல் சிரியுங்கள். நான் ஏற்கெனவே சிரித்தாயிற்று.