கருப்பட்டிப் பசையில் ஒட்டிய மயில்

சில பேருக்கு ஒரு பொருள் அழகாக இருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போகத் தெரியாது. அதை இன்னும் அழகாக்கி, அடையாளமே தெரியாமல் செய்துவிட்டுத்தான் ஓய்வார்கள். எனக்கு இருபது வயதில் இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அப்பா வண்டி வாங்கினார்.

அப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மண்டி. சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். வருஷா வருஷம் கோயில் கொடை விழாவுக்கு ரயிலில் இடிபட்டு அலுத்துப்போனவர், யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்துவிட்டார். ராயபுரத்துப் பட்டறையில் விட்டு, அதற்குள் ஸ்பிரிங் கட்டில், வெல்வெட் மெத்தை, முகம் கழுவப் பீங்கான் தொட்டி, ஸ்டவ் வைக்க மேடை, மின்விசிறி என்று ஒரு பங்களாவையே அடக்கிவிட்டார். தெருவே வந்து எட்டிப் பார்த்து, அதற்கு 'வூட்டு மோட்டார்' என்று பெயர் வைத்தது.

உள்ளேதான் பங்களா. வெளியே அதே ராணுவப் பச்சை, இரண்டு பக்கமும் வெள்ளை வட்டத்துக்குள் பெரிய சிவப்புச் சிலுவை. பெயிண்டர் வருவதற்குள், என் தங்கை செல்லக்கனியைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருகிறோம் என்று தந்தி வந்துவிட்டது. எழும்பூரிலிருந்து அவர்களை இந்த வண்டியில்தான் அழைத்துவர வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே ஆசை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பதில் பெயர் போனவர். (பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தையே பாதி வழியில் விட்டுத் திரும்பியவர்.) பெண் பார்க்கப் போவது ஆஸ்பத்திரி வண்டியில் என்று தெரிந்தால் செல்லக்கனியின் கல்யாணம் அவ்வளவுதான்.

"ஏல, பெயிண்டரக் காங்கலியே, என்ன செய்ய?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். (எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விடை கண்டுபிடிக்காத கேள்வி அது.)

வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஜிகினாத்தாள் கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். இரண்டு சிலுவையையும் மறைத்து இரண்டு மயில், ஒவ்வொன்றும் ஆள் உயரம். சுற்றிலும் தாமரை. ஜன்னலுக்கெல்லாம் பட்டுக் குஞ்சம். வெறும் மைதாப் பசை வெயிலில் உரிந்து வந்ததால், கருப்பட்டியைப் பாகு காய்ச்சி அதில் கலந்தேன். வீட்டில்தான் மலை மாதிரி கிடக்கிறதே! மயில் சிக்கென்று ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் அதன் தோகை ஓரம் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அதுவும் ஒரு கரை போட்ட மாதிரி நன்றாகவே இருந்தது.

டிரைவர் கன்னியப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சோக்கா கீது நைனா. ஆனா ஒரு மாரி வெல்ல வாசன வந்துகினே கீதே?" என்றான். இவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

எழும்பூரில் மாப்பிள்ளையின் அம்மா வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, சாமி சப்பரம் மாதிரில்லா இருக்கு!" அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அப்படி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மாளும் மாப்பிள்ளையும் மெத்தையில் உட்கார்ந்தார்கள். அப்பா எதிரே உட்கார்ந்தார். நான் கன்னியப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு வெள்ளைப் பசு வந்து மயிலை முகர்ந்தது. பிறகு நக்கியது. பிறகு தோகையைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்து, தின்ன ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று, அதன் பின்னால் இரண்டு எருமை. நான் கீழே குதித்து, சத்தம் வராமல் விரட்டினேன். (மாட்டைச் சத்தமில்லாமல் விரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.)

"வண்டி ஆடுதே?" என்று உள்ளிருந்து மாப்பிள்ளை குரல்.

"காத்துங்க!" என்றேன். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மயில் முழுக்க மாட்டின் வயிற்றுக்குள் போய், சிலுவை பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. என் துண்டை அதன் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கத்தை மறைத்தேன், சரி. அந்தப் பக்கம்? அங்கே எருமைகள் ஏற்கெனவே முடித்திருந்தன.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். "ஆஸ்பத்திரி வண்டி நிக்கிதுபா! தூக்கியா, தூக்கியா!" பக்கத்து டீக்கடையின் கயிற்றுக் கட்டிலில் ஒரு நிறைமாதப் பெண்ணைச் சுமந்துகொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். கேட் மூடியதில் அவர்கள் வந்த ரிக்‌ஷா பின்னால் மாட்டிக்கொண்டிருந்ததாம்.

"பொஞ்சாதிக்கு வலி எடுத்துக்கிச்சு நைனா, கதவத் தொற!" என்றார் முன்னால் வந்தவர்.

"இது ஆஸ்பத்திரி வண்டி இல்லீங்க..."

"இன்னா நைனா, இம்மாம் பெரிய சிலுவைய மாட்டிக்கினு இல்லன்ற?"

கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா நின்றார். மாட்டைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கை கல்யாணம் தொலைந்தது என்று முடிவுகட்டினேன்.

"ஏல, என்ன வேடிக்க பாத்துகிட்டு நிக்க? புள்ளத்தாச்சியத் தூக்கி மெத்தையில போடு!"

ஏழு பெற்றவர் அவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை உட்பட ஆண்கள் அத்தனை பேரையும் வெளியே துரத்தினார். ஸ்டவ்வில் வெந்நீர் கொதித்தது. பீங்கான் தொட்டி, மின்விசிறி என்று அப்பா ஆசையாக வைத்த வசதி ஒவ்வொன்றுக்கும் அன்றுதான் வேலை வந்தது. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டும்போது உள்ளே குழந்தை அழுதது. பெண் குழந்தை! அந்த நாலு பேரும் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, அப்பா கைகூப்பி நின்றார். "அம்மா, சகுனம் இப்படி ஆயிட்டே..."

"என்ன அண்ணாச்சி பேசுதிய? பொண்ணு பாக்கப் போற வழியில பொண்ணே பொறந்திருக்கு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும், செல்லக்கனியிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒங்க அண்ணன் இந்தக் கூத்த அடிக்கும்போது நீ எங்கம்மா இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன். பசையில மயில்துத்தம் கலந்தா, கசப்புக்கு மாடு வாய் வைக்காதுன்னு சொன்னேன். ஜிகினா மங்கிப்போகும்னு என்னை வெரட்டிட்டான்."

"இந்த வீட்டுப் புத்தியெல்லாம் ஒரே இடத்துலல்லா சேந்து கெடக்கு" என்று சிரித்து, தாம் கொண்டுவந்த பூவை அப்போதே அவள் தலையில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தீபாவளி தவறாமல் என் மச்சான் எனக்கு வேட்டியோடு ஒரு பொட்டலம் மயில்துத்தமும் அனுப்புகிறார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் நிறுத்தவில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தலிலாவது நான் ஒரு தோரணத்தைத் தொட்டால் போதும், "தாத்தா, மாடு!" என்று ஏதாவது ஒரு வாண்டு கத்தும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு தடவை திரும்பிப் பார்த்த பிறகுதான்.