இழுத்தால் பெருக்கும் கேட்டு

திருக்கோகர்ணத்தில் என் பட்டறையில் அடிக்காத இரும்புக் கேட்டு உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதுவும் முழுசாக இல்லை, எதற்கு மறைப்பானேன்.) இவ்வளவு பெருமை பேசுகிறவன், என் சொந்த வீட்டுக்கு அடித்த கேட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

என் மகள் கயல் கணக்கில் ஆராய்ச்சி செய்தவள். ஒருநாள் ஓட்டை ஓட்டையாக வெட்டிய ரப்பர் தகடு ஒன்றை இழுத்துக் காட்டினாள். ரப்பர் என்றால் இழுக்க இழுக்க மெலிய வேண்டும். இதுவோ அகலத்திலும் பெருத்தது!

"சூட்சுமம் வடிவத்துலதாம்ப்பா. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி போட்டுக் கண்டுபிடிக்கிறோம். இந்த மாதிரி கணக்க வச்சுத்தான் எந்த உயிரு எதுலேருந்து பிரிஞ்சு வந்துச்சுன்னும் பாக்குறாங்க."

"அப்ப ஒங்கப்பா எதுலேருந்து பிரிஞ்சாருன்னு பாரு" என்றாள் என் மனைவி.

என் காதில் ஏறவில்லை. கண் அந்த ரப்பரிலேயே இருந்தது.

கயலுக்குத் திருச்சியில் இன்டர்வியூ வந்தது. அவள் ஏங்கிக் கிடந்த ஆராய்ச்சி வேலை. வழியனுப்பும்போது அசத்த வேண்டாமா? ரப்பரில் பார்த்த அதே வடிவத்தில் பட்டை இரும்பை ரிவெட் அடித்து, வாசலுக்கு மடக்கு கேட்டாக மாட்டினேன். அன்று காலை திருச்சிக்குப் போக வாடகைக் கார் வந்து நின்றது.

"ஆத்தா, உள்ளயே நில்லு. ஒன் கணக்க அப்பன் இரும்புல காட்டுறேன்!" வெளியே நின்று இழுத்து மூடினேன்.

அவள் கணக்கு சரிதான். கேட்டு குறுக்கே விரிந்தது, கூடவே உயரத்திலும் வளர்ந்தது. மேலே லிண்டல் கான்கிரீட்டையும் கீழே தரையையும் கவ்விக்கொண்டு நின்றே விட்டது. உதைத்தேன், உலுக்கினேன், இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"அப்பா, இழுக்காதீங்க! இழுத்தா இன்னும் பெருக்கும்!" உள்ளேயிருந்து கத்தினாள்.

பின்வாசலை என் இரும்புக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. (இடம் வீணாகக் கூடாது என்று நான்தான் அடுக்கியிருந்தேன்.)

"அண்ணே, தங்கச்சி வருமா, இல்ல நான் வேற சவாரி பாக்கவா?" என்றான் டிரைவர்.

பட்டறையிலிருந்து கட்டர் கொண்டுவந்து, என் வேலையை நானே அறுத்தேன். என் கெட்டித்தனம், ஒவ்வொரு ரிவெட்டும் உயிரை வாங்கியது. அவள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் கதவை மூடிவிட்டார்கள். வேலை வேறு யாருக்கோ போனது. திரும்பி வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். விருந்தாளி யாராவது, "அண்ணே, நீங்க எப்படி இம்புட்டு முன்னுக்கு வந்தீங்க?" என்று என்னைப் பேச்சுக்கு இழுத்தால் போதும். நான் தொண்டையைச் செருமுவதற்குள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"இழுக்காதீங்க! இழுத்தா இன்னும் பெருக்கும்!"