ஜெரண்ட் தெரியாத மாப்பிள்ளை

பரீட்சைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பள்ளிக்கூடத்து ஆட்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கோடை விடுமுறையாவது உண்டு. இந்த இனம் லீவே எடுக்காது. தனக்குத் தெரிந்த ஒரே விஷயம் உங்களுக்கும் தெரியுமா என்று பார்க்காமல், உங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காது.

ராயபுரத்தில் இதற்கு அசல் மாதிரி செல்வநாதன். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. எண்ணியது போக மிச்ச நேரமெல்லாம் மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு கழியும். அதிலும் அவர் உயிரை விட்டது ஒரே அத்தியாயத்தில்: வினைச்சொல்லுக்குப் பிறந்தும் வினைச்சொல்லாக வேலை பார்க்காமல், பெயர்ச்சொல்லாகவும் உரிச்சொல்லாகவும் ஊர் சுற்றுகிற மூன்று பிள்ளைகள், இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிபிள். பேப்பரைப் பிரித்தால் செய்தி படிக்க மாட்டார். இந்த மூன்றையும் தேடிப் பிடித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். எண்ணூரில் புயலா? அடிக்கட்டும். அந்த வாக்கியத்தில் ஜெரண்ட் இருக்கிறதா? மைத்துனன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தபோது, "இதுல ஒரு பார்ட்டிசிபிள்" என்றார். அப்புறம்தான் அழுதார்.

ஒரே மகள் பிலோமிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வயது இருபத்தெட்டு. பழகாதது ஒன்றுதான்: தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அப்பா வைக்கிற பரீட்சை. முதலில் வந்த ரயில்வேக்காரர் இன்ஃபினிட்டிவில் விழுந்தார். அடுத்து வந்த வாத்தியார் மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, அப்பாவின் கேள்வியிலேயே ஒரு பிழையையும் காட்டினார். "திமிர் புடிச்சவன்" என்று அவருக்கும் கதவு சாத்தப்பட்டது. தெரியாதவன் மட்டம், தெரிந்தவன் அதைவிட மட்டம். இந்த இனத்துக்குப் பிடித்த மாப்பிள்ளை எங்கேதான் பிறப்பான்?

மூன்றாவதாக வந்தவன் லூர்து, கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். பார்த்ததுமே பிலோமிக்குப் பிடித்துவிட்டது. காபியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"தம்பி, 'லோடிங் இஸ் ஹார்ட் ஒர்க்'. இதுல லோடிங் இன்னா?"

"லோடிங்னா லோடிங்தான் மாமா. பேஜாரு புடிச்ச வேலை. காலைல ஆறு மணிக்குக் கப்பலாண்ட வாங்க, காட்டறேன்."

"பேர்ச்சொல்லா, உரிச்சொல்லா?"

"முதுகு ஒடியற வேலை மாமா."

பிலோமி சத்தமில்லாமல் உதட்டை அசைத்து விடையைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் உதட்டைத்தான் பார்த்தான், விடையைப் பார்க்கவில்லை.

செல்வநாதன் எழுந்துவிட்டார். "ஜெரண்ட் தெரியாதவனுக்கா பொண்ணு குடுக்கறது?"

அன்று மாலை அவர் வெளியே போனதும் அம்மா இருதயம்மாள் கேட்டாள்: "உனக்குப் புடிச்சிகீதாடி?"

"புடிச்சிகீதும்மா."

"அப்ப பொடவைய மாத்து."

லூர்துவையும் அழைத்துக்கொண்டு இருவரும் நேராக மாதா கோவில் சாமியாரிடம் போனார்கள்.

கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. யாராவது நியாயமான தடை சொல்லிவிட்டால் கல்யாணம் அத்தோடு நின்றது. அந்த ஞாயிறு சாமியார் பிலோமியின் பெயரை வாசித்தார். லூர்துவின் பெயரை வாசித்து முடிப்பதற்குள் செல்வநாதன் எழுந்து நின்றார்.

"தடை இருக்கு, சாமி!"

கோவிலே திரும்பிப் பார்த்தது.

"சொல்லும். ரத்த உறவா?"

"இல்லை சாமி."

"முன்னமே கல்யாணம் ஆனவனா?"

"இல்லை."

"பின்னே?"

"ஜெரண்டுக்கும் பார்ட்டிசிபிளுக்கும் வித்தியாசம் தெரியாதவன், சாமி!"

சாமியார் பீடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பதில் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. இருதயம்மாள்தான்.

"உக்காருய்யா! என்னை உனக்குக் குடுக்கசொல்லோ எங்க நைனா இன்னா பரீட்சையா வச்சாரு? வச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "திருச்சபைக்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சாமியார் அடுத்த ஓலையை எடுத்தார். மூன்றாம் ஞாயிறும் கழிந்தது, கல்யாணமும் நடந்தது. பிலோமி லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

சிரிக்கிறீர்களே, கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த மனிதரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? ராகமா, கிரிக்கெட் ஸ்கோரா, வஞ்சிரம் வறுக்கும் பக்குவமா? விடை உங்களுக்கு முன்பே தெரியும்தானே? அவர் தடுமாறியபோது உள்ளே கொஞ்சம் இனித்ததா? அப்படியானால் ஜாக்கிரதை. உங்களிடம் கேட்காமலே, உங்கள் வீட்டில் இந்நேரம் யாரோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.