மத்தியஸ்தம் பார்க்க ஆள் பிடித்தவர்

யாரையும் நம்பாத மனிதர்களில் ஆள்பிடி அண்ணாச்சியைப் போல ஒரு நல்லவரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. நான் பார்க்காத ஊர் குறைவு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ராஜபாளையத்துக்காரர். ரங்கூனுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த குத்துச்சண்டை அப்போது அந்தப் பக்கத்தில் புதிது. ராஜபாளையத்துப் பயில்வானும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பயில்வானும் இரண்டு ஊருக்கும் நடுவே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் மோதுவார்கள். பஞ்சு வியாபாரிகள் பணமுடிப்பு வைப்பார்கள். ஜெயித்தது யார் என்று சொல்ல மூன்று மத்தியஸ்தர்கள். அவர்களைப் பிடித்து வருவதுதான் அண்ணாச்சியின் வேலை. கூலி கிடையாது. அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு ஆசையும் கிடையாது.

இரண்டு ஊரிலும் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டார். அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். அதனால் புரட்டாசிச் சனிக்கிழமையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலையில் மலைப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வரும் வெளியூர்க்காரர்களை வழிமறிப்பார்.

“வில்லிபுத்தூர்ல யாராச்சும் ஒமக்கு மோரு குடுத்தாகளா?”

“ஆமா, ஒரு வீட்டுல குடுத்தாக. நல்ல மோரு.”

“போயிட்டு வாரும். நீரு வில்லிபுத்தூர்க் கட்சி.”

சண்டைக்குக் கிழித்த கோட்டுக்குள் நின்று பயில்வான்களை விலக்கிவிடுகிற ஆளை மட்டும் வேறு விதமாகத் தேடுவார். இரண்டு பெண்டாட்டிக்காரனாக இருக்க வேண்டும். விலக்கிவிட்டுப் பழகியிருப்பானாம்.

ஆரம்பத்தில் மத்தியஸ்தர் கையில் ராஜபாளையத்துக்கு ஒரு நிலக்கடலையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பொரிகடலையும் கொடுப்பாராம். ஜெயித்தவருக்கு உரியதைப் பானையில் போட வேண்டும். ஒரு சாத்தூர்க்காரர் சண்டையில் சொக்கிப்போய் இரண்டையும் வாயில் போட்டு மென்றுவிட்டார். தீர்ப்பு வயிற்றுக்குள் போய்விட்டதால், அடி வாங்கிய இருவரும் மறுநாள் மறுபடி அடி வாங்கினார்கள். அதற்கப்புறம் கூழாங்கல்தான். ராஜபாளையத்துக்குக் கறுப்பு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெள்ளை.

இதையெல்லாம் செய்தவர் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. கோட்டுக்கு முதுகைக் காட்டி, மத்தியஸ்தர்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். “பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்லே” என்பார்.

நான் அந்த வழியாக வந்த சனிக்கிழமை, சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது புதிதல்ல. பசி ஓர் எல்லையைத் தாண்டினால் உடம்பு லேசாகிவிடும். மேற்கு மலை தரையை விட்டுச் சற்று மேலே மிதந்தது. வெண்புழுதிக்குள்ளிருந்து ஒரு துண்டும் மீசையும் வந்தன. பின்னாலேயே அண்ணாச்சி வந்தார்.

“ஏலே, ராஜபாளையத்துல என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் சாப்பிடல.”

“வில்லிபுத்தூர்ல?”

“இன்னும் அங்க போகவே இல்ல. ரெண்டு நாளா எங்கயும் சாப்பிடல.”

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இம்புட்டுச் சுத்தமான ஆள நான் பாத்ததே இல்லலே!”

“அண்ணாச்சி, கொஞ்சம் கஞ்சி...”

“தீர்ப்புச் சொல்லிட்டுக் குடி. இப்பக் குடுத்தா லஞ்சம்.”

கண்மாய்க்குள் ஏற்கெனவே சத்தம். அன்று ராஜபாளையத்துக்காக இறங்கியவன் அண்ணாச்சியின் மகன்.

“மவன் சண்டைக்கு அப்பனா ஆள் பிடிக்கது? இது எந்த ஊர் நியாயம்வே?” என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி ஒருவர் கத்தினார்.

“என் ஆளுக மேல ஒரு சொல்லு வந்தா, இனிமே இந்தக் கம்மாய்க்குள்ள கால் வைக்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு வழக்கம்போல முதுகைத் திருப்பி, எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

சாய்ந்த வெயிலில் புழுதி பொன்னாக நின்றது. அதற்குள் இரண்டு பேரும் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் போல அசைந்தார்கள். குத்து விழுந்து நெடுநேரம் கழித்துத்தான் சத்தம் வருவதாக எனக்குத் தோன்றியது. மகன் விழுந்தான். கூட்டம் கூவியது. அண்ணாச்சியின் கண் என் முகத்தில் அப்படியே நின்றது. முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு, பட்டினிக்குக்கூடப் பட்டதில்லை. மகன் புருவத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி எழுந்தான். ஆனாலும் அதிகம் அடித்தவன் மற்றவன்தான்.

மூன்று பேரும் கல்லைப் போட்டோம். பானையைக் கவிழ்த்தபோது கறுப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. என்னுடையது வெள்ளை.

கத்திய வியாபாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி, அடுத்த மட்டமும் நீரே ஆள் பிடியும்” என்றார். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு என்னை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கம்மங்கஞ்சி ஊற்றினார். என் பக்கத்திலேயே வீங்கிய முகத்தோடு மகனும் குடித்தான். அவன் கை கழுவப் போனதும், அண்ணாச்சி என் அருகில் நகர்ந்து வந்தார்.

“ஏலே, விழுந்துட்டானோ?”

“விழுந்தாரு அண்ணாச்சி. ஆனா எந்திரிச்சிட்டாரு. சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சாரு.”

அவர் மகன் போன பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எந்திரிச்சத மட்டும் இன்னொரு மட்டம் சொல்லு.”

சொன்னேன். மறுநாளும் சொன்னேன். நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை அந்தப் பிள்ளை எழுந்துகொண்டே இருந்தான்.