கவாத் தொட்டியில் பேசிய தாத்தா

நாவுனித் தீவில் ஒரு மாதமாகச் செத்தவர்களுக்குத்தான் மவுசு. தீவுக்குப் புதிதாகக் குடிவந்த எரோனியின் வீட்டில், கவா என்ற வேர்ப் பானம் கலக்குகிற தொட்டிக்குள்ளிருந்து அவர்கள் பேசினார்கள். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆவியெல்லாம் பொய் என்று தலையாட்டிய அதே ஜனம், மாலையில் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் இங்கே வந்து பாயில் இடம் பிடித்தது.

செத்தவர்கள் சும்மா பேசவில்லை. ஒருவர் பன்றி கேட்டார். இன்னொருவர் பத்துப் பாய் கேட்டார். படுத்தே இருக்கிறவருக்குப் பத்துப் பாய் எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வாரம் இசிக்கேலியின் அப்பா படகு எஞ்சினையே கேட்டுவிட்டார்.

இசிக்கேலியின் மகள் அகனிசி சுவா நகரத்தில் மின்சாமான் கடையில் வேலை பார்ப்பவள். சேதி கேட்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. அம்மாவுக்கு மூச்சுத்திணறல். திடீரென்று முட்டினால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அந்த எஞ்சின்தான். லீவு போட்டுக் கப்பலேறி வந்தாள். மாலையில் அப்பாவோடு எரோனி வீட்டுக்குப் போனவளுக்கு அவனைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது.

அவளிடமே ஸ்பீக்கர் வாங்கிப் போனவன் அவன். தண்ணீருக்குள் கிடந்தாலும் பாட வேண்டும், கைக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பொறுக்கினான். தண்ணீருக்குள் போன் சிக்னல் எட்டாது, மெமரி கார்டு போடுகிற மாதிரி எடுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதியும் அவள்தான். அவனுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. கடைக்காரப் பெண்ணின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

கத்தினால் முன்னோரைப் பழித்தாள் என்பார்கள். பாயில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். எரோனி கவாப் பொடியைத் துணியில் முடிந்து தண்ணீரில் பிசைந்தான். முடிச்சைத் தொட்டியிலேயே விட்டான். கலக்குகிறவனைத் தவிர யாரும் தொட்டிக்குள் கை விடக்கூடாது என்பது ஊர் முறை. அவன் பிழைப்பே அந்த முறையில்தான் ஓடியது. சற்று நேரத்தில் கலங்கிய கவாவின் அடியிலிருந்து ஒரு குரல் கரகரத்தது. "மகனே, எஞ்சினைக் கொடு."

இசிக்கேலி கண் கலங்கினார். எல்லாரும் ஒரு சுற்றுக் குடித்ததும், மிச்சக் கவா முன்னோருக்கு என்று எரோனி வழக்கம்போலத் தொட்டியை மூடப் போனான்.

"இருங்கண்ணே," என்றாள் அகனிசி. "கலந்த கவாவை மிச்சம் வச்சுட்டு எழுந்திரிக்கிறது நம்ம ஊர்ல என்னைக்குப் பழக்கம்? தாத்தாவே வந்திருக்கார். அவர் முன்னாடி காலி பண்ணிட்டுப் போவோம்."

"அது அவங்க பங்கு, தங்கச்சி."

"தொட்டி காலியாகாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சதே அவங்கதானே?"

கவா வேண்டாம் என்று சொல்லும் ஆண்பிள்ளை அந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கொட்டாங்கச்சி சுற்றிச் சுற்றி வந்தது. கவா இறங்க இறங்கத் தாத்தாவின் குரல் கணீரென்று ஏறியது. எரோனிக்கு மட்டும் வியர்த்தது. கடைசியில் முடிச்சுதான் மிஞ்சியது, அதற்குள் ஒரு நீல விளக்கு மினுக்கியது. ஊர் முறையை மீறி இசிக்கேலியே கையை விட்டு எடுத்தார், பிரித்தார். உள்ளங்கையில் இருந்துகொண்டு அப்பா மறுபடியும் எஞ்சினைக் கேட்டார்.

எரோனி வாசலைப் பார்த்தான். பன்றி கொடுத்தவர்கள் அங்கே போய் நின்றுகொண்டார்கள்.

"ஆனா, எங்கப்பா குரலாட்டமே இருந்துச்சேம்மா," என்றார் இசிக்கேலி.

"தாத்தா சாகும்போது உங்களுக்கு என்ன வயசுப்பா?"

"ஆறு மாசம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாயில் இருந்த மற்றவர்களும் அவரவர் பெரியவர்களின் குரலை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் நினைத்திருந்தால் பன்றியாவது மிஞ்சியிருக்கும்.