ஸ்டூலில் உட்கார்ந்த தவளை

மதிப்பும் பிரியமும் குறையாத மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, தவளை மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுகம் என்று என் பெண் சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சுகம் நீடிக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. முதலில் உட்காருங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்தப் பதின்மூன்று வருஷத்தில் உங்களிடம் போனில் 'சரிங்க', 'ஆமாங்க' தவிர வேறெதுவும் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கவரில் போட்டு ஒட்டி என் பெண் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்ஷூரன்ஸ் பேப்பர் என்று சொல்லியிருக்கிறேன், பிரிக்கமாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காட்டுயிர்ப் பத்திரிகையின் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறதே ஒரு படம், மூடுபனி ஏரிக்கரையில் தலைமேல் நத்தையைச் சுமந்துகொண்டு மோவாயைத் தூக்கி உட்கார்ந்திருக்கும் தவளை, அதை எடுத்தது நான்தான். அனுப்பியவர் என்று இருப்பது உங்கள் அத்தையின் தகப்பனார் பெயர். மாமனாருக்குப் பரிசு கொடுத்துவிட்டார் என்று உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அந்தப் பெயரைப் போட்டேன். அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதும் காமிராவைத் தொட்டதில்லை. நேர்மையாக நடக்க வேண்டும் என்று நினைத்த காரியமே இந்த லட்சணத்தில்தான் ஆரம்பித்தது.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அந்தப் படம் ஏரிக்கரையில் எடுத்ததில்லை. என் வீட்டு முன்னறையில், பழைய ஸ்டூடியோ ஸ்டூலில் எடுத்தது. திங்கட்கிழமை அட்டைப்படமாக அச்சுக்குப் போகிறது என்றீர்கள், அதற்குள் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். போன வருஷம் யாரோ ஒருவர் மீனைக் கட்டித் தொங்கவிட்டு மீன்கொத்தியைப் படம் பிடித்தது தெரியவந்து, நீங்கள் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினீர்கள். அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அப்படி எழுதிய கைக்கு என்னால் கெட்ட பேர் வரக் கூடாது.

எல்லாம் உங்கள் ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. நான் என் போட்டோ ஸ்டூடியோவை மூடிய வாரம் சாப்பிட வந்தவர், சுவரில் இருந்த படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, கோவிச்சுக்காதீங்க, உங்க படத்துல எல்லாரும் ஊசி போட்டுக்க வரிசையில நிக்கற மாதிரியே இருக்காங்க" என்றீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிறகு காமிராவைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். நாற்பது வருஷம் "நிமிருங்க, இங்க பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லியே பிழைத்தவன் நான். சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள். கொக்கு கேட்கவில்லை. கீரிப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் நானூறு படம் சேர்ந்தது, அதில் முந்நூற்றுத் தொண்ணூறு வெறும் வால். காலையில் என்னோடு நடக்க வரும் ரிட்டயர்டு பல் டாக்டர், அவரும் படம் எடுக்கிறவர், "சின்ன உயிருங்களை ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சா வச்ச இடத்துல உட்காரும் சார், நிறைய பேர் அப்படித்தான் எடுக்கறாங்க" என்றார். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், நானும் திறந்த வாய் மூடாமல் கேட்டுக்கொண்டேன்.

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு தவளை குடியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை வாளியால் கவிழ்த்துப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜில் காய்கறிக்கு மேலே வைத்தேன். பால் எடுக்க வந்த உங்கள் அத்தை டப்பாவைத் திறந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"இது யாரு?" என்றாள்.

"மாடல்."

"நாப்பது வருஷமா வந்தவங்களை எல்லாம் லைட்டுக்கு முன்னாடி உட்கார வச்சு வேர்க்க விட்டீங்க. இதை மட்டும் குளிர வைக்கணுமா?"

காதில் வாங்காத மாதிரி டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். ஸ்டூல்மேல் பாசி பரப்பினேன். பின்னால் நம் ஸ்டூடியோவில் தொங்கிய, ஏரி வரைந்த பழைய படுதாவை இறக்கினேன். இரண்டு பக்கமும் விளக்கு. நீங்கள் மூடுபனி மூடுபனி என்று உருகினீர்களே, அது உங்கள் அத்தையின் இஸ்திரிப் பெட்டி விட்ட ஆவி. தவளையை நடுவில் வைத்து, பழக்கதோஷத்தில் "சார், மோவாயைக் கொஞ்சம்" என்று சொல்லி ஸ்கேலால் தூக்கிவிட்டேன். தூக்கிய இடத்திலேயே நின்றது. தொட்டிச் சுவரில் இருந்த நத்தையை எடுத்துத் தலையில் வைத்தேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒத்துழைத்த வாடிக்கையாளரே எனக்குக் கிடையாது. கிளிக் பண்ணிவிட்டு, "ஆச்சு சார், எழுந்துக்கலாம்" என்றேன்.

அது எழுந்துகொள்ளவில்லை.

கையில் எடுத்தால் ஜில்லென்று இருக்கிறது, காலை இழுத்தால் இழுத்தபடி கிடக்கிறது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன் மாப்பிள்ளை. உங்கள் அத்தை என்னிடமிருந்து அதை வாங்கி, ஈரத்துணியில் வைத்து, உள்ளங்கையை மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது நிமிஷம். அப்புறம் ஒரு பின்னங்கால் நீண்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பாஸ்போர்ட் படம் பிடிக்கவில்லையென்று என்னை முறைத்தவர்கள் எத்தனையோ பேர், அந்தப் பார்வைக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பார்வைக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. தொட்டிக்கு அடியில் கொண்டுபோய் விட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, என் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறது. அது பண்ணுவது சரிதான்.

பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பீர்கள். படம் நன்றாக வந்துவிட்டது, அதுதான் வினை. 'விலங்கைத் தொடவில்லை, இடம் மாற்றவில்லை' என்று நீங்கள் கேட்டிருந்த கட்டத்தில் டிக் அடித்தேன், நத்தையை விலங்கில் சேர்ப்பதா என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன். பத்தாம் நாள் உங்கள் போன். "மாமா, ஒரு பெரியவர் படம் அனுப்பியிருக்கார். அந்தத் தவளை முகத்துல என்ன ஒரு அமைதி. 'தவம்'னு தலைப்பு வைக்கப்போறேன். இந்த மனுஷன் எத்தனை நாள் சேத்துல படுத்துக் காத்திருந்தாரோ" என்றீர்கள். அது தவம் இல்லை மாப்பிள்ளை, விறைப்பு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எடுத்த ஒரு படத்தை நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்வது அதுதான் முதல் தடவை. 'ஆமாங்க' என்று சொல்லி வைத்துவிட்டு, அதே ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் தொழிலில் கோட்டு நம்முடையது, சீப்பு நம்முடையது, ஏரியும் நம்முடையது. அது உட்காருகிறவருக்கும் தெரியும், படத்தை வாங்கிப் பார்க்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே சிரிப்பார்கள். தவளையை யாரும் கேட்கவில்லை, உங்கள் வாசகர்களிடம் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன வித்தியாசம் புரிய எனக்கு இவ்வளவு வயசாகியிருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் எழுந்து ஹாலுக்குப் போய் உங்கள் கல்யாணப் படத்தைப் பாருங்கள். என் ஸ்டூடியோவில் எடுத்ததுதானே. பின்னால் அதே ஏரி, இடது ஓரத்தில் அதே படகு. அது படகே இல்லை, படுதா கிழிந்த இடத்தில் உங்கள் அத்தை போட்ட ஒட்டு. 'தூரத்தில் தெரியும் அந்த ஒற்றைப் படகு' என்று நீங்கள் நடுவர் குறிப்பில் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். தையலுக்குப் பரிசு வந்த மாதிரி இரண்டு நாளாக ஒரு நடை நடக்கிறாள்.

ஆகவே பரிசை எடுத்துவிடுங்கள். அட்டையில் வேறு படம் போடுங்கள். காரணத்தையும் என் சொந்தப் பேரிலேயே போடுங்கள், மாமனார் என்று விட்டுவிட வேண்டாம். நாற்பது வருஷத் தொழிலில் பார்க்கிறவரை ஏமாற்றி நான் எடுத்த ஒரே படம் இந்தத் தவளைப் படம்தான். இதற்கு முன்னால் ஒரு முகத்தையும் நான் பொய்யாக்கியதில்லை. இது சத்தியம்.

கோபம் தணிந்ததும் ஒருநாள் சாப்பிட வாருங்கள். நான் பேசாமல் பரிமாறுகிறேன். நீங்களும் என் பெண்ணும் எல்லாச் செல்வமும் பெற்று, கண்ணுக்குக் கண்ணாக நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: இப்போது கல்யாணப் படத்துக்கு முன்னால்தானே நிற்கிறீர்கள். அப்படியே இதையும் கேட்டுவிடுங்கள். மேலே 'சத்தியம்' என்று எழுதியதை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைத்தேன். அன்று எடுத்த மூன்று படத்திலும் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் இடத்தில் நான் நின்று, என் பெண்ணைப் பார்த்தபடி டைமர் வைத்து ஒரு படம் எடுத்திருந்தேன். கண் இரண்டையும் அதிலிருந்து எடுத்துத்தான் உங்கள் முகத்தில் பொருத்தினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'மாப்பிள்ளை பொண்ணை என்ன ஆசையாப் பார்க்கறார்' என்கிறார்களாமே, அது நான் பார்த்தது. அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்களும் அவளை அப்படித்தான் பார்க்கிறீர்கள், எத்தனையோ தடவை கவனித்திருக்கிறேன். நான் காமிராவை எடுப்பதற்குள் திரும்பிவிடுகிறீர்கள்.