படுக்கையறையில் நின்ற வாழைமரங்கள்

அந்த இரண்டு பிளாஸ்டிக் வாழைமரங்களும் உண்மையில் யாருக்குச் சொந்தம்? ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் ஆட்கள் பலரைக் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவற்றைத் தூக்கிப்போட்டது நான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். அவன் நித்திரை கொள்வதில்லை. அதனால் நானும் கொள்வதில்லை. குழந்தை வைத்தியரிடம் போனபோது, காத்திருக்கும் அறையில் கிடந்த சஞ்சிகை ஒன்றைப் புரட்டினேன். படுக்கையறையில் தேவையற்ற பொருட்கள் இருந்தால் மனம் அமைதியடையாது, நித்திரை வராது என்று எழுதியிருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக் கட்டில், ஒரு வெள்ளைத் திரை, ஒரு பூச்சாடி. (அந்த வீட்டில் குழந்தை இருந்ததற்கான அடையாளமே இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.)

எங்கள் படுக்கையறை வேறு மாதிரி. அலுமாரிக்கு மேலே சூட்கேசுகள், அவற்றுக்குள் வேறு சூட்கேசுகள். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், யார் யாருடையவோ கலியாண வீடியோ கசெட்டுகள். மூலையில், பழைய விரிப்பில் சுற்றி ஆளுயரத்துக்கு அந்த வாழைமரங்கள். மகனின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மண்டப வாசலில் கட்டுவதற்காக என் கணவர் குகன் கொண்டுவந்தவை. அவர் வாங்கியவை என்றே நினைத்திருந்தேன். அரையிருட்டில் பார்த்தால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது போலிருக்கும். இவற்றைக் கண்டுதான் பிள்ளை பயப்படுகிறான் என்று முடிவு செய்தேன். படித்த தாய்க்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

அந்த வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு ஸ்பெர்முல் நாள். வேண்டாத தளபாடங்களை வாசலில் வைத்தால் நகரசபை லொறி வந்து ஏற்றிப் போகும். அதற்கு முன் தெருவில் போகிறவர்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். குகன் வேலைக்குப் போனதும் உடைந்த கதிரை, கால் ஆடும் மேசை ஆகியவற்றோடு வாழைமரங்களையும் இறக்கினேன். பிறகு யோசித்துத் திரும்ப மேலே தூக்கிப்போனேன். இன்னும் யோசித்து மறுபடியும் இறக்கினேன். விரிப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அது நல்ல விரிப்பு.

பின்னேரம் குகனின் அக்கா, வதனி மச்சாள், டெலிபோன் எடுத்தார். வருகிற சனிக்கிழமை அவர் மகளுக்குச் சாமத்திய வீடு. பெண்பிள்ளை பெரியவளானதற்கு மண்டபம் எடுத்து, தெரிந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் செய்யும் சடங்கு.

"நந்தினி, அந்த வாழைமரத்தை ஒருக்கா ஈரத்துணியால துடைச்சு வையும். நாளைக்கு இவர் வந்து ஏத்துவார்."

"எந்த வாழைமரம் மச்சாள்?"

"ஏன், எத்தினை தோட்டம் வைச்சிருக்கிறீர்? கடைசியாக் கொண்டாட்டம் செய்த வீட்டிலைதானே அது நிக்கும்."

அப்போதுதான் விளங்கியது. குலை போட்ட வாழைக்கு ஜெர்மனியில் எங்கே போவது? எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் இந்த இரண்டு மரங்கள்தாம். ஒரு வீட்டு விசேஷம் முடிந்தால் அடுத்த வீட்டு விசேஷம் வரை அங்கேயே நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. (நான் கேட்கவும் இல்லை.)

"ஓம் மச்சாள், துடைக்கிறன்" என்றேன்.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். கதிரை நின்றது. மேசை நின்றது. மரங்கள் இல்லை. மேலே வந்து குகனின் வேலையிடத்துக்கு டெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"அக்காட்டைச் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லையப்பா. துடைக்கிறன் எண்டு சொன்னனான்."

"அப்ப முதல் தேடும். பிறகு துடைக்கலாம்."

மரங்கள் எதிர்வீட்டின் கீழ்த்தளப் பல்கனியில் நின்றன. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஃபிரவ் கெல்லர் (ஜெர்மனில் திருமதிக்கு ஃபிரவ்) அவற்றுக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரோடு நான் அதுவரை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல்லும் பேசியதில்லை. தெருவைக் கடப்பதற்குள் ஜெர்மன் வசனத்தைத் தயாரித்துக்கொண்டேன்.

"மன்னிக்க வேண்டும். அவை எங்களுடையவை."

"தெருவில் வைத்தீர்கள். இப்போது என்னுடையவை. ஞாயிற்றுக்கிழமை என் தோட்டத்தில் விருந்து. தென்கடல் தீவு போல அலங்கரிக்கப் போகிறேன்."

கணவரின் அக்காவின் மகள் பெரியவளாகிவிட்டாள், ஆகவே சனிக்கிழமைக்கு வாழைமரம் வேண்டும் என்று விளக்கினேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"இரண்டுக்கும் என்ன தொடர்பு?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அழுகை வந்தது. துணைக்குப் பிள்ளையும் அழுதான்.

ஃபிரவ் கெல்லர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சனிக்கிழமை தருகிறேன். ஆனால் நானும் கூட வருவேன். அன்றைக்கே திருப்பிக் கொண்டுவருவேன்."

ஏத்த வர வேண்டாம், மரங்களை நாங்களே கொண்டுவருகிறோம் என்று மச்சாளிடம் சொல்லிவைத்தேன். ஃபிரவ் கெல்லர் சொன்னபடி வந்தார். மண்டப வாசலில் ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"ஆரப்பா அந்த மனுசி?" என்று மச்சாள் கேட்டார்.

"எங்கட முன்வீட்டுக்காரி. சடங்கு பாக்க ஆசைப்பட்டவ."

இந்தப் பொய் சாப்பாடு வரைதான் நின்றது. மரங்கள் அழகாக இருக்கின்றன என்று யாரோ சொல்ல, எந்தத் தெருவில், எந்த மேசைக்குப் பக்கத்தில் அவற்றைக் கண்டெடுத்தார் என்று ஃபிரவ் கெல்லர் பெருமையாக விளக்கினார். மச்சாளுக்கு என்னைவிட ஜெர்மன் நன்றாகத் தெரியும். சோற்றுக் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"நல்ல காலம் நந்தினி. மரத்தை வெளியில வைச்சிட்டுப் பிள்ளையை உள்ளுக்கு வைச்சிருந்தனீர்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு வீடியோவிலும் பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாருக்கு விசேஷம் என்றாலும் என் மூலம் ஃபிரவ் கெல்லரிடம் கேட்க வேண்டும். அவரும் மரங்களோடு வந்து, சாப்பிட்டு, மரங்களோடு திரும்புவார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். "கீழ வைச்சா ரோட்டுக்குப் போயிடும்" என்பார்கள். படுக்கையறை சஞ்சிகையில் கண்டது போல அமைதியாக இருக்கிறது. மகன் முன்னறையில், டிவி சத்தத்தில்தான் தூங்குகிறான்.

இப்போது ஒரு சிக்கல். மச்சாள் வாங்கிய புது வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபூரல். வாழைமரத்தடியில் வைப்பதற்கென்று ஃபிரவ் கெல்லர் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் கொக்குகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். "அது மங்களத்துக்குக் கூடுமோ கூடாதோ எண்டு நீரே விசாரிச்சுச் சொல்லும். அவவைக் கூட்டிக்கொண்டு வந்தது நீர்தானே" என்கிறார் மச்சாள். ஐயரைக் கேட்டேன். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறதா, இரண்டு காலிலா என்று கேட்டார். ஒற்றைக் காலில் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் சொல்லவில்லை.

வைக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கூடாது என்றால், அதை ஃபிரவ் கெல்லரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.